நோன்பு இல்லாத நாளில் மகள் பட்டினி இருக்கலாமா?



ரமளானில் நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. மாதவிடாய் வந்த பெண்பிள்ளை, வாப்பாவும் அண்ணன் தம்பிகளும் தெரிந்துகொள்வார்களே என்று பகல் முழுதும் சாப்பிடாமல் இருந்துவிடுகிறாள். சஹருக்கும் எல்லோரோடும் எழுந்து உட்காருகிறாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான் அவளுடைய பகல் சாப்பாடு.

அந்த நாட்களில் நோன்பு வைக்கக் கூடாது, பிறகு களாச் செய்ய வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அல்லாஹ் கொடுத்த சலுகையை நம் வீட்டு வெட்கம் பறித்துக்கொள்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாயின்போது குடித்த பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே நபி (ஸல்) அவர்களும் வாய் வைத்துக் குடித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அந்த வீட்டில் ஒளிவு மறைவு இருக்கவில்லை.

பட்டினி ஏன் ஆபத்து? ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்புச்சத்து. ஆக மாதம் 15 முதல் 20 மில்லிகிராம் வெளியேறுகிறது. சிறிய கணக்காகத் தெரியலாம். ஆனால் தானியம், கீரையில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பல நேரம் உடலில் சேர்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சஹர் சமைக்கும்போதே ஒரு தட்டு எடுத்து மூடி வையுங்கள். ஆட்டு ஈரல், சுவரொட்டி, இறைச்சி, மீன் இவற்றின் இரும்பு சுலபமாக உடலில் சேரும். "அந்த நாளில் கவிச்சி ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்கு மருத்துவத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இல்லை. வசதி குறைவா? முருங்கைக்கீரையும் பருப்பும் முட்டையும் போதும், கூடவே எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது கெட்டுப்போகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பேரீச்சம்பழம் நல்லதுதான், சுன்னத்தும்கூட. ஆனால் நாலு பழம் தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம், அதில் இரும்பு குறைவு.

வாப்பாமார்களுக்கு ஒன்று: "இன்றைக்கு நோன்பா?" என்று மகளிடம் கேட்காதீர்கள். தம்பிமார்களையும் கேட்கவிடாதீர்கள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்காததுபோல் கடந்து போங்கள்.

ஏழு நாளைத் தாண்டியும் ரத்தம் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ சாப்பாட்டால் மட்டும் சரியாகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையை மகள் பையிலேயே வைத்திருக்கிறாளா என்றும் பாருங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது அந்த மாத்திரையால் வருவதுதான்.