சட்டக் கல்லூரிச் சேர்க்கையைத் தள்ளிவைத்தல்

ஒரு படிப்பு முடிந்ததும் மறு படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்பதே பெற்றோர் பலரின் எண்ணம். கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைப்பதைச் சோம்பல் என்றும் சிலர் கருதுவர். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் இதனை எவ்வாறு நோக்குகின்றன என்பதை இங்குக் காண்போம்.

அந்நாட்டில் நான்காண்டு இளங்கலைப் படிப்புக்குப் பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பு தொடங்குகிறது. 1948இல் ஏற்பட்ட எல்சாட் நுழைவுத் தேர்வைப் பெரும்பாலோர் எழுதுகின்றனர். இடம் பெற்ற மாணவர், அதனை இழக்காமல் அடுத்த ஆண்டில் சேர இசைவு கோருவதே தள்ளிவைத்தல் ஆகும். இது இடத்தைத் துறப்பதன்று; சேர்ந்தபின் எடுக்கும் விடுப்பும் அன்று.

நோய், குடும்பத் துன்பம், படைப்பணி, கைவிட இயலாத வேலை முதலியன இதற்குரிய காரணங்கள். காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். இசைவு தருவதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை.

1817இல் தோன்றிய ஹார்வர்டு சட்டக் கல்லூரியோ ஒரு படி மேலே சென்றது. இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கவும், பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டாண்டுகள் பணியிலோ பிற படிப்பிலோ கழித்துச் சேரவும் அது ஒரு திட்டம் வகுத்தது. 2017இல் அத்திட்டம் பிற கல்லூரி மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. உலகியல் அறிவு பெற்று வருவோர் சட்டத்தை நன்கு உணர்வர் என்பதே இதன் அடிப்படை.

எனினும், தள்ளிவைத்தல் விலையின்றிக் கிடைப்பதன்று. முன்பணம் கட்ட வேண்டிவரும். வேறு கல்லூரிக்கு விண்ணப்பிப்பதில்லை என்று பல கல்லூரிகள் உறுதிமொழி வாங்குகின்றன. அளிப்பதாகச் சொன்ன உதவித்தொகை மறு ஆண்டும் நிலைக்கும் என்பதற்கு எல்லா இடங்களிலும் உறுதி இல்லை. சேரும் ஆண்டின் கட்டணத்தையே செலுத்த வேண்டும்.

கடன் விதிகளும் மாறக்கூடும். 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்வோர்க்குக் கிராட் பிளஸ் என்னும் அரசுக் கடன் இல்லை. சட்ட மாணவர் பெறத்தக்க அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என வரையறுக்கப்பட்டது. 2025இல் கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைத்தவர் இப்புதிய வரம்புக்குள் வந்துவிடுகிறார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது பொருட்டன்று. கடனை நம்பிய ஏழை மாணவனுக்கோ இதுவே படிப்பைத் தடுத்துவிடலாம்.

ஆகவே, இசைவு கேட்குமுன் மூன்றினைத் தெளிதல் வேண்டும்: உதவித்தொகை நிலைக்குமா? கையெழுத்திடும் உறுதிமொழி யாது? இடைப்பட்ட ஆண்டில் செய்யப்போவது என்ன? இவற்றுக்கு விடை காணாது தள்ளிவைப்பது காலத்தை வீணாக்குவதாகும்; விடை கண்டு தள்ளிவைப்பது காலத்தை முதலாக்குவதாகும்.