முப்பது வருட சர்வீஸ்

அன்புள்ள கயல்,

அரசு செலவைக் குறைத்தால் மிச்சம்தானே, அதில் போலீஸ் மட்டும் என்ன விதிவிலக்கு என்று கேட்டிருந்தாய். பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம்.

2010-இல் கேமரூன் தலைமையில் வந்த கூட்டணி அரசு, இங்கிலாந்து, வேல்ஸ் காவல் படைகளுக்கான மத்திய மானியத்தை நான்கு ஆண்டுகளில் 20 சதவீதம் வெட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் 1,43,734 போலீஸ்காரர்கள் இருந்தார்கள். 2017-இல் ஏறத்தாழ 1,22,000 பேர்.

எப்படிக் குறைத்தார்கள் என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. அங்கே போலீஸ்காரரை ஆட்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. முதலில் புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தினார்கள். அதுவும் போதாமல், வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போன்ற சில படைகள் ஓய்வூதிய விதிகளில் கிடந்த ஏ-19 என்ற பழைய பிரிவைத் தூசு தட்டி எடுத்தன. 30 வருட சர்வீஸ் முடித்தவரைக் கட்டாய ஓய்வில் அனுப்ப அது இடம் கொடுத்தது. அதற்கு விதி சொல்லும் காரணம், படையின் செயல்திறன்! எந்தத் தெருவில் எந்தப் பையன் யாரோடு சேர்ந்து கெடுகிறான், எந்தச் சாட்சி கோர்ட் வாசல்வரை வந்து பின்வாங்குவார் என்றெல்லாம் தெரிந்தவர்கள் முதலில் போனார்கள். இதை எதிர்த்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2017-இல் படைகளுக்குச் சாதகமாக முடிந்தது. சட்டப்படி சரிதான்.

வெட்டு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விழவும் இல்லை. உள்ளூர் வரியில் பாதிக்கு மேல் திரட்டும் சர்ரே தாக்குப்பிடித்தது. மத்திய மானியத்தையே நம்பியிருந்த நார்தம்ப்ரியாவுக்கு அடி பலமாக விழுந்தது.

குற்றம் பெருகியதா என்று கேட்பாய். இங்கேதான் அவசரப்படக் கூடாது. 2015-இல் உள்துறை அமைச்சர் தெரசா மே, ‘புலி வருது’ என்று கத்துவதை நிறுத்துங்கள் என்ற பாணியில் போலீஸ் சங்கத்தைக் கடிந்துகொண்டார். மொத்தக் குற்றக் கணக்கு அப்போது இறங்குமுகம்தான். ஆனால் 2014-க்குப் பிறகு கத்திக்குத்து ஏறத் தொடங்கியது. போதைப்பொருள் சந்தை மாறியதும் ஒரு காரணம் என்பதால், பழி முழுவதையும் பட்ஜெட் மேல் போட மாட்டேன். சந்தேகமில்லாத அடையாளம் வேறு: ஒரு குற்றத்தில் குற்றச்சாட்டுப் பதிவு செய்ய 2016-இல் சராசரியாக 14 நாள் ஆனது, 2018-இல் 18 நாள்.

எல்லைக் காவலில் ஆள் குறைவதன் விளைவு இன்னும் பச்சையாகத் தெரிந்தது. குடிவரவு கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டின் சில்லையும் திறந்து பார்த்தால் வரிசை நீளும். பார்க்காமல் விட்டால் வரிசை நகரும். ஆள் குறையும்போது இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். 2011 கோடையில், ஐரோப்பியப் பயணிகளுக்குச் சில சோதனைகளைச் சில வேளைகளில் தளர்த்த உள்துறை அமைச்சரே அனுமதித்தார். அந்த வரம்பைத் தாண்டினார் என்று எல்லைப் படைத் தலைவர் ப்ரோடி கிளார்க் மேல் புகார் எழுந்தது. அவர் அதை மறுத்து, நவம்பரில் பதவி விலகினார். சோதனைகள் முழுசாகத் திரும்பின. அடுத்த வசந்தத்தில், ஒலிம்பிக்ஸ் நெருங்கும் நேரத்தில், ஹீத்ரோவில் இரண்டு மணி நேரத்தையும் தாண்டி வரிசை நின்றது. ஐரோப்பியர் அல்லாத பயணிகளுக்கு வைத்திருந்த இலக்கு 45 நிமிடம்!

போலீஸுக்கே திரும்புவோம். 2019-இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் 20,000 போலீஸ்காரர்களைச் சேர்ப்பதாக அறிவித்தார். 2023 மார்ச்சுக்குள் சேர்த்தும் விட்டார்கள். தலை எண்ணிக்கை 2010-ஐயும் மிஞ்சியது. ஆனால் அப்போது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐந்து வருட சர்வீஸ்கூட இருக்கவில்லை. அவர்களுக்கு வேலை கற்றுத்தர வேண்டிய சார்ஜன்ட்கள் ஏ-19-இல் போய்விட்டார்கள், அல்லது ஆளெடுப்பை நிறுத்திவைத்த ஆண்டுகளில் வேலைக்கே வந்து சேரவில்லை.

உன் கட்டுரைக்குத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2018 அறிக்கையைப் படி. ஒவ்வொரு படைக்கும் எவ்வளவு தேவை என்று உள்துறைக்கே தெளிவாகத் தெரியவில்லை என்கிறது அது. வெட்டத் தொடங்கி எட்டு வருடம் ஆன பிறகு!

அன்புடன்,
சித்தப்பா