மலை அறிந்த மந்தை

கற்றல் நோக்கங்கள்

• உரைநடைப் பகுதியைப் படித்துக் கருத்துகளைத் தொகுத்துக் கூறுதல்.
• ஆடு மேய்த்தல் தொழில் சார்ந்த சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.
• தன்வினை, பிறவினை ஆகியவற்றை வேறுபடுத்தி அறிதல்.

நுழையுமுன்

நகரில் பிறந்து வளர்ந்தவர்களுள் சிலர், நிலம் வாங்கி ஆடு வளர்த்து வாழவேண்டும் என்னும் விருப்பத்தோடு சிற்றூர்களை நாடிச் செல்கின்றனர். நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அந்நிலத்தில் வாழ்வதற்கான அறிவை எங்கிருந்து பெறுவது? நூறாண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து நாட்டில் இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

1. இலண்டனிலிருந்து ஏரி மாவட்டத்திற்கு

பீட்ரிக்ஸ் பாட்டர் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை; வீட்டிலேயே ஆசிரியைகளிடம் கல்வி கற்றார். முயல், சுண்டெலி முதலிய சிற்றுயிர்களை வளர்ப்பதும் அவற்றை உற்றுநோக்கி ஓவியமாகத் தீட்டுவதும் அவருடைய இளமைப் பொழுதுபோக்குகள். 1882ஆம் ஆண்டு கோடை விடுமுறையைக் கழிப்பதற்காக அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்திற்குச் சென்றது. மலைகளும் ஏரிகளும் கல்லடுக்குச் சுவர்களும் நிறைந்த அப்பகுதி, பதினாறு வயதுப் பெண்ணின் மனத்தில் நீங்கா இடம்பெற்றது.

பீட்டர் என்னும் முயலைப் பற்றி அவர் எழுதிப் படம் வரைந்த சிறுவர் கதைநூல் 1902ஆம் ஆண்டு வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1905ஆம் ஆண்டில், அவரை மணக்க இருந்த பதிப்பாளர் நார்மன் வார்ன் நோயுற்று இறந்தார். துயரம் சூழ்ந்த அதே ஆண்டில், நூல்கள் ஈட்டித்தந்த வருவாயையும் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற தொகையையும் கொண்டு, ஏரி மாவட்டத்தின் நியர் சாரி என்னும் சிற்றூரில் ‘ஹில் டாப்’ என்னும் பண்ணையை அவர் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 39.

பெற்றோரைப் பேணும் கடமை இருந்தமையால், அவரால் உடனடியாக அங்கே குடியேற இயலவில்லை. ஏற்கெனவே பண்ணையைக் கவனித்துவந்த ஜான் கேனன் என்பவரின் குடும்பமே தொடர்ந்து அதனை நடத்தியது. பாட்டர் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் வந்து, அவர்களிடமிருந்து பண்ணைத் தொழிலைக் கற்றார். 1913ஆம் ஆண்டு, அப்பகுதியில் வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஹீலிஸ் என்பவரை மணந்து, அவ்வூரிலேயே நிலையாகத் தங்கினார். அதன்பின் ஊரார் அவரைத் ‘திருமதி ஹீலிஸ்’ என்றே அறிந்தனர்.

2. தாய் காட்டிய எல்லை

ஏரி மாவட்டத்தின் உயர்ந்த மலைகளில் வளரும் ஆட்டினத்திற்கு ‘ஹெர்ட்விக்’ என்று பெயர். குட்டிகள் பிறக்கும்போது கருநிறமாக இருக்கும். வளர வளர உடலின் உரோமம் சாம்பல் நிறமாக மாறும், முகம் வெண்மையாகும். இவற்றின் உரோமம் முரடானது, தரைவிரிப்புகளுக்கே ஏற்றது, மெல்லிய உரோமத்தைப் போல் நல்ல விலை பெறாது. ஆயினும் பனியும் மழையும் கடுங்காற்றும் மிகுந்த உயரமான மலைகளில், குறைந்த புல்லை மேய்ந்து உயிர்வாழும் திறன் இவற்றுக்கு உண்டு.

இவ்வாடுகளிடம் மற்றோர் அரிய பண்பும் உள்ளது. மலையின் மேற்பகுதி பல பண்ணைகளுக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். அங்கே பண்ணைக்குப் பண்ணை வேலி எழுப்பப்படுவதில்லை. இருப்பினும் ஒவ்வொரு பண்ணையின் மந்தையும் பெரும்பாலும் தனக்குரிய பகுதியிலேயே மேய்கிறது. இன்ன பாறை வரை செல்லலாம், இன்ன ஓடையைக் கடக்கலாகாது, பனிக்காற்று வீசும்போது இன்ன சரிவில் ஒதுங்கலாம் என்பவற்றைத் தாயாட்டின் பின்னே நடந்தே குட்டி கற்றுக்கொள்கிறது. அக்குட்டி தாயானபின் தன் குட்டிக்கு அதனையே கற்பிக்கிறது.

இதனால் அங்கு ஒரு வழக்கம் நிலைபெற்றது. குத்தகையாளர் பண்ணையைவிட்டு நீங்கும்போது, நிலத்திற்கு உரிய மந்தையை அங்கேயே விட்டுச் செல்லவேண்டும். மந்தையை விற்றுவிட்டுப் புதிய ஆடுகளை வாங்கி மலையில் விட்டால், அவை எல்லை அறியாமல் சிதறிப்போகும். அவற்றைப் பழக்குவதற்குப் பல ஆண்டுகள் இடைவிடாமல் காவல் காக்க நேரிடும். மந்தையின் நினைவே அம்மலைக்கு வேலியாக இருக்கிறது என்பதைப் பாட்டர் விரைவில் உணர்ந்தார்.

3. கண்ணால் மேய்க்கும் நாய்

குட்டி ஈனும் இளவேனிலிலும், உரோமம் கத்தரிக்கும் கோடையிலும், கிடாக்களோடு சேர்க்கும் கூதிர்காலத்திலும் மலையில் உள்ள ஆடுகளைக் கீழே கொண்டுவர வேண்டும். பாறைகளும் பள்ளங்களும் நிறைந்த பெருமலையில் சிதறியிருக்கும் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் தனி ஒருவர் திரட்ட இயலாது. மேய்ப்பு நாய் இன்றி அத்தொழிலே இல்லை.

இதற்குப் பயன்படும் நாய்களுள் புகழ்பெற்றது ‘பார்டர் கோலி’ இனம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் இது உருவானது. 1893ஆம் ஆண்டு அங்கே பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்னும் நாயே இவ்வினத்தின் மூதாதையாகப் போற்றப்படுகிறது. அந்நாய் உரக்கக் குரைத்தோ கடித்தோ ஆடுகளை விரட்டவில்லை. தலையைத் தாழ்த்தி, உடலைப் பதுக்கி, இமையாமல் நோக்கியே அவற்றை நடத்தியது. இந்தப் பார்வையை மேய்ப்பர்கள் ‘கண்’ என்றே குறிப்பிடுகின்றனர். இது ஓநாயின் வேட்டை இயல்பிலிருந்து வந்தது. பதுங்குதல், சுற்றிவளைத்தல் ஆகியவற்றை நிலைநிறுத்தி, பாய்ந்து கொல்லும் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மனிதர் அடக்கியுள்ளனர்.

நாய்க்குட்டிக்கு முதலில் தன் பெயரையும், அழைத்தால் வருவதையும் பழக்குவர். ஏறத்தாழ ஓராண்டு நிறையும் பருவத்தில், சிறு வயலில் சில ஆடுகளோடு பயிற்சி தொடங்கும். ஆடுகளுக்கு அப்பால், மேய்ப்பருக்கு நேர் எதிரே சென்று நின்று, அவற்றை அவரிடம் கொண்டுவர முயல்வது இவ்வின நாயின் பிறவி இயல்பு. மேய்ப்பர் ஒருபுறம் நகர்ந்தால், நாயும் எதிர்ப்புறத்தைப் பிடிக்க வட்டமாக ஓடும். அது வலஞ்சுழியாக ஓடும்போது ‘கம் பை’ என்றும், இடஞ்சுழியாக ஓடும்போது ‘அவே’ என்றும் மேய்ப்பர் சொல்லிவருவார். நாளடைவில் சொல்லைக் கேட்ட அளவிலேயே நாய் அத்திசையில் ஓடும். நாய் தானே செய்யும் செயலுக்குப் பெயர் சூட்டுவதே இப்பயிற்சியின் அடிப்படை. தொலைவில் உள்ள நாய்க்குச் சீழ்க்கை ஒலியால் ஆணையிடுவர்.

ஓடக் கற்பிப்பதைவிட நிற்கக் கற்பிப்பதே கடினம். ஆடு தென்பட்டதும் பாயத் துடிக்கும் இளநாய், ‘படு’ என்ற ஒரே சொல்லில் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். நாய் நெருங்கி விரட்டினால் மந்தை மிரண்டு சிதறும். சினையாடுகளுக்குக் கேடு நேரும். ஆகவே மேய்ப்பரும் சினத்தை அடக்கக் கற்க வேண்டும். அடித்துப் பழக்கிய நாய் அஞ்சி ஒதுங்கும். மேய்ப்பரின் கண்ணுக்கு எட்டாத மலைச்சரிவில் தானே முடிவெடுத்துச் செயல்படும் துணிவு அதற்கு வாராது.

இத்தகைய நாய்களின் திறனைக் காட்டும் போட்டி 1873ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் நடைபெற்றது. 1906ஆம் ஆண்டு பன்னாட்டு ஆட்டுநாய்ச் சங்கம் தோன்றியது. பாட்டரின் பண்ணையிலும் ‘கெப்’ என்னும் கோலி நாய் இருந்தது. நரியிடம் ஏமாறவிருந்த வாத்தைக் காப்பாற்றும் நாயாக, 1908ஆம் ஆண்டு வெளிவந்த கதைநூலில் கெப்பை அதன் பெயராலேயே அவர் இடம்பெறச் செய்தார்.

4. நோயுற்ற பண்ணை

முதல் உலகப் போருக்குப் பின்னர் ஏரி மாவட்டத்திற்குப் புதிய இடர் வந்தது. மலையடிவாரப் பண்ணைகளை வாங்கித் துண்டுதுண்டாகப் பிரித்து, விடுமுறை மாளிகைகள் கட்டச் செல்வர்கள் விரும்பினர். 1923ஆம் ஆண்டு, ஏறத்தாழ 2000 ஏக்கர் பரப்புள்ள ‘ட்ரவுட்பெக் பார்க்’ என்னும் ஆட்டுப்பண்ணை விலைக்கு வந்தபோது, அதனைக் காக்கும் பொருட்டுப் பாட்டர் வாங்கினார்.

அம்மந்தை நலமாக இல்லை. ஈரநிலத்து நத்தைகள் வழியாகப் பரவும் ஈரல்புழு நோய் ஆடுகளை வாட்டியது. அழகிய மலைக்காட்சியைக் கண்டு மயங்கி வந்தவர் இந்நிலையில் பண்ணையைக் கைவிட்டிருக்கலாம். பாட்டரோ நோய்க்குரிய மருந்தைக் கொடுக்கச் செய்து, பட்டறிவு மிக்க மேய்ப்பரான டாம் ஸ்டோரி என்பவரைப் பணியில் அமர்த்தி, மந்தையை மீட்டார். பின்னர் ஸ்டோரி ஹில் டாப் பண்ணையின் மந்தையைப் பொறுப்பேற்றார். 1930களில் அவ்வாடுகள் கண்காட்சிகளில் பல பரிசுகளை வென்றன.

முரட்டு உரோம ஆடையும் மரக்காலணியும் அணிந்து, மழை பெய்தால் சாக்கைப் போர்த்திக்கொண்டு வயல்களில் நடப்பது அவர் வழக்கம். ஒருமுறை எதிரே வந்த நாடோடி ஒருவர் அவரையும் தம்மைப்போல் வீடற்றவர் என்று எண்ணிப் பரிவோடு பேசினார் என்பர்.

5. அவர் விட்டுச்சென்றவை

1943ஆம் ஆண்டு ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம், தன் அடுத்த தலைவராகப் பாட்டரைத் தேர்ந்தெடுத்தது. அப்பொறுப்புக்கு ஒரு பெண் தேர்வுசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. ஆனால் பதவி ஏற்குமுன், அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் 77ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய சாம்பலை டாம் ஸ்டோரி அம்மலைச்சரிவில் தூவினார். அவ்விடம் எதுவென்று வெளியிடப்படவில்லை.

4000 ஏக்கருக்கும் மிகுதியான நிலத்தையும் பல பண்ணைகளையும் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளைக்கு அவர் எழுதிவைத்தார். மலைப்பண்ணைகளில் தூய ஹெர்ட்விக் மந்தைகளே தொடர்ந்து பேணப்பட வேண்டும் என்றும் விருப்பம் தெரிவித்தார். ஆடுகள் இல்லாத வெறும் நிலத்தை அவர் காக்க எண்ணவில்லை. நிலத்தை அறிந்த மந்தையோடு சேர்த்தே அதனைக் காத்தார்.

அவ்விருப்பத்தின் அருமையை 2001ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது, ஏரி மாவட்டத்தை உள்ளடக்கிய கும்பிரியாவில் ஏராளமான ஆடுகள் கொல்லப்பட்டன. ஆடுகளை மீண்டும் வாங்கலாம். தாய்வழி வந்த மலையறிவு அறுந்துபோனால் அதனை எந்தச் சந்தையில் வாங்குவது என்று மேய்ப்பர்கள் கலங்கினர். எஞ்சிய மந்தைகளிலிருந்து அவ்வறிவு மீண்டும் வளர்ந்தது. 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்குள்ள ஆட்டுப்பண்ணை வாழ்வும் அச்சிறப்புக்குக் காரணமாயிற்று.

நிலத்தைப் பாட்டர் பணத்தால் பெற்றார். அங்கு வாழும் அறிவைத் தாயாட்டிடமும் நாயிடமும் மேய்ப்பரிடமும் பணிவால் பெற்றார்.

சொல்லும் பொருளும்

உற்றுநோக்கல் – கூர்ந்து கவனித்தல்
குத்தகையாளர் – பிறர் நிலத்தைக் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்துபவர்
கிடா – ஆண் ஆடு
சினையாடு – குட்டியைக் கருவில் தாங்கிய ஆடு
வலஞ்சுழி – கடிகார முள் சுழலும் திசை
இடஞ்சுழி – கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை
சீழ்க்கை – வாயால் எழுப்பும் ஊதல் ஒலி
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

மொழியை அறிவோம்

எழுவாய் தானே செய்யும் செயலைக் குறிப்பது தன்வினை. எழுவாய் பிறரையோ பிறவற்றையோ செய்விப்பதைக் குறிப்பது பிறவினை.

மந்தை திரும்பியது – தன்வினை
நாய் மந்தையைத் திருப்பியது – பிறவினை
ஆடுகள் கூடின – தன்வினை
மேய்ப்பர் ஆடுகளைக் கூட்டினார் – பிறவினை

பயிற்சிகள்

அ. சரியான சொல்லால் நிரப்புக.
1. பாட்டர் முதலில் வாங்கிய பண்ணையின் பெயர் ________.
2. ஹெர்ட்விக் குட்டிகள் பிறக்கும்போது ________ நிறமாக இருக்கும்.
3. ‘கம் பை’ என்றால் நாய் ________ ஆக ஓடும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குத்தகையாளர் மந்தையை விட்டுச் செல்லவேண்டும் என்னும் வழக்கம் ஏன் ஏற்பட்டது?
2. மேய்ப்பர்கள் ‘கண்’ என்று எதனைக் குறிப்பிடுகின்றனர்?
3. ட்ரவுட்பெக் பார்க் மந்தையை வாட்டிய நோய் எவ்வாறு பரவுகிறது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. மேய்ப்பு நாயைப் பழக்கும் முறையை விளக்குக.
2. ‘மந்தையின் நினைவே அம்மலைக்கு வேலி’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

ஈ. பிறவினையாக மாற்றுக.
1. நாய் அடங்கியது. (மேய்ப்பர் நாயை ________.)
2. குட்டி நடந்தது. (தாய் குட்டியை ________.)

உ. சிந்தித்துப் பேசுக.
நீங்கள் வாழும் மாநிலத்தில் ஆடு மேய்ப்போர் யாவர்? அவர்கள் மந்தையை எவ்வாறு காக்கின்றனர்? பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் ஐந்து தொடர்களில் தமிழில் கூறுக.