கிளைப் பாதையும் டீசல் இரயில்காரும்

மதுரைச் சந்திப்பில் நீண்ட விரைவு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்தே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 1928-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது.

கிளைப் பாதையில் பயணிகள் குறைவு, செலவோ குறைவதில்லை. சாதாரண வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்ற வேண்டும். அது பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றி வந்து மறுமுனையில் இணைய வேண்டும். இதற்குக் கூடுதல் பாதை, ஆட்கள், நேரம் யாவும் தேவை.

இக்குறையைத் தீர்க்கப் பிறந்ததே டீசல் இரயில்கார். இதற்குத் தனி எஞ்சின் கிடையாது. பயணிகள் அமரும் வண்டியிலேயே எஞ்சினும் உண்டு. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உள்ளது. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும், வண்டி திரும்பப் புறப்படலாம்! இவ்வகைப் பெட்டிகள் சில சேர்ந்ததே 'டெமு' வண்டி. அதில் டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் மோட்டார்களை இயக்க, மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன.

ஆயினும் வண்டி மட்டும் இருந்தால் போதுமா? அகலப் பாதையாக மாற்றப்பட்ட காரைக்குடி–திருவாரூர் தடத்தில் 2019 ஜூன் மாதம் டெமு வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் ரயில்வே கேட்டுகளில் போதிய காவலர் இல்லை. ஆகவே, கேட் காவலர்கள் வண்டியிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கேட்டின் முன்பும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி மூடுவார். கேட்டைக் கடந்து மீண்டும் நிற்கும். மற்றொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டர் செல்ல ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று!

போடிப் பாதையின் கதையும் சிந்திக்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், இதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1950-களில் மீண்டும் இடப்பட்டன. அகலப் பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் 31-உடன் வண்டிகள் நின்றன. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் இரயில் திரும்பி வந்தது. வண்டி நின்ற ஆண்டில் போடியில் முதல் வகுப்புப் படித்த சிறுமி, பிளஸ் டூ முடித்த பின்னரே தன் ஊரில் மீண்டும் இரயிலைக் கண்டிருப்பாள்!

இன்று பெரும்பாலான பாதைகள் மின்மயமாகி, டெமுவின் இடத்தை 'மெமு' என்னும் மின்தொடர் வண்டி பெற்று வருகிறது. எரிபொருள் மாறினாலும் பாடம் ஒன்றே: சிற்றூருக்கு வேண்டியது பெரிய வண்டியன்று, நாள்தோறும் நேரம் தவறாது வரும் வண்டியே.