வாசகரைத் தேடிப் போன நூலகர்

நூலகர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், மேசைக்குப் பின்னால் அமர்ந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற ஒருவர். சமூக மாற்றத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நம் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு நூலகரின் வாழ்க்கையிலேயே இதற்கு விடை இருக்கிறது.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அமைதியான நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிட நினைத்தார். பயிற்சிக்காக இங்கிலாந்து போன பிறகுதான் மனம் மாறியது. பொது நூலகம் ஊர் மக்கள் அனைவருக்கும் உரியதாக அங்கே நடப்பதைப் பார்த்தார். திரும்பி வந்ததும் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினார்.

1931-ல் அவர் எழுதிய நூலக விதிகள் ஐந்து. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பரிசாக வந்த நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியபடியே மஞ்சளாகிப் போவதை இன்றும் எத்தனை இடங்களில் பார்க்கிறோம்!

இரண்டாவது விதிதான் நம்மை யோசிக்க வைக்கிறது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ‘ஒவ்வொரு’ என்ற சொல்லை ரங்கநாதன் மேலோட்டமாக எழுதவில்லை. பணக்காரர் மட்டுமல்ல, ஏழையும். ஆண் மட்டுமல்ல, பெண்ணும். நகரத்தார் மட்டுமல்ல, கிராமத்தாரும் என்று அந்த நூலில் விரித்துச் சொல்கிறார். பெண் கல்வியே விவாதப் பொருளாக இருந்த காலம் அது.

அதே 1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. உள்ளே நெல் மூட்டை இல்லை, புத்தகங்கள். பொறியாளர் கனகசபை முன்னின்று நடத்திய அந்த நடமாடும் நூலகம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போனது. வாசகர் வரவில்லையே என்று குறைப்படாமல், புத்தகத்தை வாசகரின் தெருவுக்கே கொண்டு சென்றார்கள்.

ரங்கநாதன் அடுத்துப் பிடித்தது சட்டத்தை. நன்கொடையை மட்டும் நம்பினால், கொடுப்பவரின் மனம் மாறும்போது நூலகமும் மூடிவிடும் என்பது எளிதில் புரியும். அவருடைய நெடுநாள் முயற்சியால் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதலாவது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க இந்தச் சட்டமே வழி செய்தது. இன்று அது வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு.

அதாவது, நம் வீட்டு வரியிலிருந்தும் கிளை நூலகத்துக்குப் பணம் போகிறது. அங்கே போய்ப் பார்த்தால் நாளிதழ் மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் வயதான ஆண்களே இருக்கிறார்கள். பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளும் அந்த வரியின் பங்குதாரர்கள்தாமே? அவர்களுக்குரிய புத்தகம் அங்கே தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. உம்மாவும் மகளும் சேர்ந்து போகலாம். நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒன்றாகவும் போகலாம்.

நூலகரையும் குறை சொல்ல வேண்டாம். பல கிளை நூலகங்களில் திறப்பது, கூட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே ஆள்தான். கேட்பவர் இருந்தால்தான் அவராலும் ஏதாவது செய்ய முடியும். வெளியே வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே புத்தகம் அனுப்பும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. நம் மஹல்லா இளைஞர்கள் நாலு பேர் இதற்குப் பெயர் கொடுத்தால் அந்த மாட்டுவண்டி நம் தெருவுக்குள்ளும் வரும்.

நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் வாசகர் வட்டத்தில் பெண்களும் உறுப்பினராகலாம். ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரவும் வழி உண்டு. பிள்ளைகளுக்குத் தேவையான போட்டித் தேர்வு நூல்கள் இல்லையென்றால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், எந்தத் தேர்வுக்கு என்பதைத் தாளில் எழுதி, கேட்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மாவட்ட நூலக அலுவலரிடம் எடுத்துச் சொல்ல நூலகருக்கு அந்தத் தாள் கையில் இருக்கும்.