கோடு இருக்கு, முகம் வரல்ல

மட்டக்களப்பு மாவட்டத்துப் பால்சேனையில் எனக்கு மாமி முறையான ஒருவர் இருக்கிறார். மகன் கட்டாரில், தம்பி கனடாவில். தம்பி அனுப்பிய புதுப் போன் ஒன்று அவர் கைக்கு வந்தது. பெட்டியின் மேல் 'அன்லொக்' என்று ஒட்டியிருந்தது. சிம்மைப் போட்டதும் கோடு வந்தது, அழைப்பும் போனது. ஆனால் மகன் வட்ஸ்அப்பில் முகம் காட்ட எடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். கோட்டுக்குப் பக்கத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து. மாமி முற்றத்தில் நின்று பார்த்தார், வீதிக்கு ஏறிப் பார்த்தார், கடற்கரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். "மனே, கோடு இருக்கு, முகம் வரல்ல" என்று என்னிடம் வந்தபோது, ஒரு கடையில் "அன்லொக் சரியாப் பண்ணல்ல" என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு ஏதோ மென்பொருளும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கதிரவெளி தொடக்கம் பனிச்சங்கேணி, காயாங்கேணி, மாங்கேணி வரை வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் உழைத்த காசில் வாங்கி அனுப்பும் போன் இங்கே வந்து பயனில்லாமல் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் போனின் குற்றமல்ல, போனைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவை.

"அன்லொக் எண்டா எந்த நாட்டுச் சிம்மும் வேலை செய்யும்"

எல்லாக் குழப்பத்துக்கும் தாய் இதுதான். லொக் என்பது போனை விற்ற நிறுவனம் போட்ட பூட்டு. தவணைக்கோ குறைந்த விலைக்கோ கொடுத்துவிட்டு, தன்னுடைய சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காதபடி பூட்டிவைப்பார்கள். அன்லொக் என்றால் அந்தப் பூட்டு இல்லை என்பது மட்டுமே அர்த்தம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போனைப் பூட்டி விற்க முடியாது, பழையதைத் திறந்து கொடுக்கக் கட்டணம் வாங்கவும் முடியாது. ஜப்பானில் 2021 ஒக்டோபரிலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலும் இதே மாதிரித் தடை வந்தது. அமெரிக்காவிலோ பூட்டிய போன் இன்னும் தாராளமாக விற்பனையாகிறது. ஆகவே டொரொன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த புதுப் போனுக்கு இங்கே 'அன்லொக்' செய்யக் காசு கேட்டால், எதைத் திறக்கப் போகிறீர்கள் என்று நின்று கேளுங்கள்.

மாமியின் போனிலும் பூட்டு எதுவும் இருக்கவில்லை. இல்லாமல் போனது நம் கோபுரங்களின் அலைவரிசை.

ஒவ்வொரு கோபுரமும் குறிப்பிட்ட அலைவரிசைகளில்தான் பேசும். போனுக்குள் அதே அலைவரிசை இருந்தால்தான் அதைக் கேட்கும். 1991இல் பின்லாந்தில் முதலில் ஓடத் தொடங்கிய ஜிஎஸ்எம் முறை ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆசியா எங்கும் 900, 1800 மெகாஹேர்ட்ஸில் பரவியது. அமெரிக்கக் கண்டத்தில் அந்த இடங்கள் வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தபடியால் அவர்கள் 850, 1900 பக்கம் போனார்கள். இலங்கைக்கு 1995இல் டயலொக் ஜிஎஸ்எம்மைக் கொண்டுவந்ததிலிருந்து நாம் முதல் கூட்டத்தோடு. இன்று நம் 2ஜி 900இலும் 1800இலும் நிற்கிறது, 3ஜி வந்தது 2100இல், 4ஜிக்கு முதுகெலும்பு 1800. அந்த 1800ஐத்தான் 4ஜிக் கணக்கில் 'பேண்ட் 3' என்பார்கள்.

மாமியின் பெட்டியில் இருந்த மாடல் இலக்கத்தை வைத்துத் தேடினேன். 2ஜிக்கு 850, 900, 1800, 1900 நான்கும் இருந்தன. அதனால்தான் கோடும் வந்தது, கோலும் போனது. 3ஜிக்கு 850, 1700, 1900. நம்முடைய 2100 இல்லை. 4ஜிக்கு பேண்ட் 2, 4, 5, 12, 66, 71. நமக்கு வேண்டிய 3 இல்லை. போன் என்ன செய்யும்? கிடைத்த 2ஜியைப் பிடித்துக்கொண்டு, அதிலுள்ள மெதுவான டேட்டாவில் இழுபட்டது. அந்த 'ஈ' எழுத்து அதைத்தான் காட்டியது. வட்ஸ்அப்பில் எழுத்து போகும், குரல் தட்டுத்தடுமாறிப் போகும், முகம் வராது.

வாவியில் வலை போடுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்குகிறது. வலை உங்களுடையது, போடக்கூடாது என்று தடுக்கவும் ஆளில்லை. ஆனால் கண் பெரிய வலையைப் போட்டுவிட்டு இறால் படவில்லை என்றால் இறாலைக் குற்றம் சொல்ல முடியுமா?

"கடையில சொஃப்ட்வெயார் போட்டாச் சரியாயிரும்"

சரியாகாது. அலைவரிசை என்பது போனுக்குள் இருக்கும் வடிகட்டி, பெருக்கி, அன்டெனா என்ற பொருட்களின் விசயம். தொழிற்சாலையில் வைக்காததை வாழைச்சேனையிலும் வைக்க முடியாது, கொழும்பிலும் வைக்க முடியாது. நிறுவனம் போட்ட சிம் லொக்கைத் திறக்கலாம், மொழியை மாற்றலாம், அழிந்த மென்பொருளை மீளப் போடலாம். இவை உண்மையான வேலைகள், நேர்மையாகச் செய்கிற பெடியன்களும் இருக்கிறார்கள். பேண்ட் 3 போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சிம்மை மாற்றிப் பார்ப்பதும் இப்படித்தான். 2018இல் எடிசலாட் ஹச்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. மிஞ்சியிருக்கும் டயலொக், எஸ்எல்டி மொபிட்டல், ஹச் மூன்றும் ஒரே குடும்பத்து அலைவரிசைகளையே பாவிக்கின்றன. எந்தக் கோபுரம் உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்பதில் வித்தியாசம் உண்டு. கனடாப் போனின் குறையை அது தீர்க்காது.

"விலை கூடின போன் எண்டா எங்கயும் பிடிக்கும்"

எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்கள் ஏ15 வீதியோடு ஒற்றை நூலில் கோர்த்த மாதிரிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவியும் காடும் வயலும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிறையத் தூரம். இங்கே போனின் விலையை விட அலையின் நீளம் பெரிய விசயம். 900 மெகாஹேர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், ஓர் அடிக்கும் மேலே. 1800 அலை அதில் பாதி, ஒரு சாணுக்கும் குறைவு. நீண்ட அலை தூரம் போகும், மரத்தையும் சுவரையும் கடந்து வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வரும். குறுகிய அலை கூட்டமான பட்டணத்துக்கு நல்லது. 900 இல்லாத விலை கூடிய போன் மட்டக்களப்பு நகரில் நன்றாக வேலை செய்துவிட்டு, பனிச்சங்கேணி தாண்டியதும் தடுமாறலாம். 900 இருக்கிற பழைய பட்டன் போன் அதே இடத்தில் மணி அடிக்கும். விலை என்பது கமராவுக்கும் திரைக்கும் கொடுத்த காசு.

ஜப்பானிலும் கொரியாவிலும் ஜிஎஸ்எம் 2ஜி ஒருநாளும் இருந்ததில்லை. அந்த நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய மாடல்கள் பலவற்றில் ஜிஎஸ்எம் 2ஜியே கிடையாது. கொரியாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கேயுள்ள பழைய போனை மலிவாக வாங்கி அனுப்புவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளின் போன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அங்கேயும் 900, 1800, 2100, பேண்ட் 3தான்.

"4ஜி காட்டுது, அப்ப கோல் வரத்தானே வேணும்"

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்கென்று செய்த முறை. அதற்குள்ளேயே குரலை அனுப்புவதற்கு 'வோல்ட்டி' என்ற தனி ஏற்பாடு வேண்டும். போனில் அது இருந்தால் மட்டும் போதாது, இங்கேயுள்ள நிறுவனத்துக்கான அமைப்பும் அந்தப் போனுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால், கோல் வரும்போது போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் படம் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். போன் பழுதில்லை, கீழே இறங்கியிருக்கிறது.

இறங்குவதற்குக் கீழே ஒன்றுமில்லாவிட்டால்? இந்தியாவில் 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி தொடங்கிய ஜியோ 4ஜி மட்டுமே வைத்திருந்தது, வோல்ட்டி இல்லாத போனில் அதன் வழியே நேராகக் கோல் எடுக்க வழியில்லை. அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28ஆம் திகதி டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. 4ஜி வழியாக அவசர அழைப்பு எடுக்க முடியாத போன்களை அங்கே வலையமைப்பிலிருந்தே தடுத்தார்கள். வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுபோன, பூட்டில்லாத நல்ல போன்கள் பலவும் அதில் அகப்பட்டன.

வலையமைப்பு நின்று போன் மிஞ்சுவது நம் ஊருக்கும் புதிதல்ல. கம்பி இழுக்காத ஊர்களுக்கு அன்டெனா வைத்த சிடிஎம்ஏ மேசைப் போன்கள் வந்த காலம் பலருக்கும் ஞாபகமிருக்கும். சில வீடுகளில் அது இன்னும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது, துடைத்து வைத்தபடி. அமத்தினால் வெளிச்சமும் வரும். அது கேட்கக் காத்திருக்கும் வலையமைப்புத்தான் இப்போது இல்லை.

"வெளிநாட்டுப் போனை ஆணைக்குழு வெட்டிப்போடும்"

இதில் பாதி உண்மை. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கங்களில் ஓர் ஐஎம்இஐ எண் உண்டு. *#06# அமத்தினால் திரையில் வரும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்த எண் பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். ஐஎம்இஐ என்ற நான்கு எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். 2025 ஜனவரியில் ஆணைக்குழு, அனுமதியில்லாமல் புதிதாக வரும் போன்களை இணைக்கவிடாத ஏற்பாட்டை அறிவித்தது. ஏற்கனவே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஆகவே வருடக்கணக்காகப் பாவிக்கிற போனை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் கடையில் நின்றபடியே 1909க்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். களவு போன போனா, தவணை கட்டாமல் விட்டதால் தூரத்திலிருந்தே பூட்டப்பட்ட போனா என்பது வேறு கேள்வி. அதையும் கேளுங்கள்.

தனி அட்டையாக இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் ஈசிம் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டார், சவூதி, குவைத், ஓமான், அமீரகம், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17இல் சிம் போடும் துவாரமே கிடையாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படியே. போன் நல்லதுதான், அலைவரிசையும் பொருந்தும். ஆனால் நீங்கள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் சிம்மை அதில் போட இடமில்லை. நிறுவனத்திடம் போய் அதே இலக்கத்தை ஈசிம்மாக மாற்ற வேண்டும். சாம்சங்கில் வேறொரு சிக்கல். 2013இல் வந்த கலெக்ஸி நோட் 3 காலத்திலிருந்து சில மாடல்கள், வாங்கிய பகுதியின் சிம்மைப் போட்டு முதலில் பேசிய பிறகுதான் வேறு நாட்டுச் சிம்மை ஏற்கும். பிள்ளை அங்கேயே தன் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு கோல் பேசிவிட்டு அனுப்பினால் இங்கே தொல்லையில்லை.

"சிக்னல் இல்லாட்டியும் அவசரத்துக்கு அடிக்கலாம்"

இதை நம்பி ஒருவரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் கோபுரம் கேட்காவிட்டால், அவசர அழைப்பை வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அனுப்பப் போன் முயலும். அது உண்மை. ஆனால் அந்தக் கோபுரத்தின் அலைவரிசையும் போனில் இருக்க வேண்டும். ஒன்றுமே கேட்காத இடத்தில் எந்த இலக்கமும் போகாது. மாரியில் வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும் இரவில் 1990க்கு அம்புலன்ஸ் கேட்கவும், 117க்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை எடுக்கவும் வீட்டில் ஒரு போனாவது 900ஐக் கேட்கிறதாக இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கடையில் பெயரைப் பார்க்காமல் பெட்டியின் பின்பக்கத்து மாடல் இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் போன் நாட்டுக்கு நாடு வேறு இலக்கம், வேறு அலைவரிசை. அந்த இலக்கத்தில் 4ஜி பேண்ட் 3ம் 8ம், 3ஜி 2100ம், 2ஜி 900ம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுக்கட்டும். பேண்ட் 8 என்பது அந்த 900தான்.

மாமியின் வீட்டில் பேரன் தூக்கிப் போட்ட பழைய போன் ஒன்று கிடந்தது, வாழைச்சேனையில் வாங்கியது, கண்ணாடி மூலையில் வெடித்தது. சிம்மைக் கழற்றி அதில் போட்டோம். 4ஜி வந்தது. கட்டாரில் இரவு வேலை முடிந்து வந்திருந்த மகன் எடுத்தார். வெடித்த கண்ணாடிக்குள் முகம் தெரிந்ததும் மாமி முதலில் கேட்டது, "ஏன் மனே இப்பிடி மெலிஞ்சி போயிருக்காய்?"