எரிபொருளின் எச்சமும் ஏழையின் ஆடும்

கிளியூர் அருவியைக் காணச் சேர்வராயன் மலைக்கு ஏறுவோர் காப்பித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் கண்டு மகிழ்வர். வேலியோரம் தழை மேயும் வெள்ளாட்டைக் கருதுவோர் சிலரே. ஆயினும் அவசரச் செலவுக்கு ஏழைக் குடும்பம் நம்புவது அந்த ஆட்டைத்தான். 'சேலம் கருப்பு' என்னும் வெள்ளாட்டினத்துக்குத் தாயகமும் இம்மாவட்டமே.

கோடையில் தழை வற்றினால் ஆட்டுக்குப் புரதம் குறைகிறது. சினையாடும் குட்டியும் மெலிகின்றன. கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 45 விழுக்காடு புரதம் உண்டு. அதன் விலையோ ஏழைக்கு எளிதன்று. எனவே, உயிரி எரிபொருள் ஆலைகளின் எச்சம் தீவனமாகுமா என ஆராய்வோம். அது இருவகைப்படும்: ஒன்று, எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, மற்றொன்று, தானியத்திலிருந்து எத்தனால் வடித்தபின் எஞ்சும் சக்கை.

முதல்வகைக்குக் காட்டாமணக்கே சான்று. 2003-இல் திட்டக்குழு அமைத்த உயிரி எரிபொருள் குழு இதனைப் பரிந்துரைத்தது. தோல் நீக்கிய பருப்பின் பிண்ணாக்கில் கடலைப் பிண்ணாக்கினும் மிகுதியான புரதம் உண்டு, நஞ்சும் உண்டு. அதிலுள்ள கர்சின் வெப்பத்தால் அழியும். போர்பால் எஸ்டர் அழியாது. ஆகவே, வேகவைத்தால் போதும் என எண்ணுவது ஆட்டை இழப்பதற்கே வழி. புங்கம் பிண்ணாக்கில் கரஞ்சினும், ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசினும் உள்ளன. முறையாக நச்சு நீக்கப்படாத இப்பிண்ணாக்குகளுக்கு உரிய இடம் வயலே; எருவாக அவை பயன்படும்.

நம் முன்னோர் காட்டாமணக்கை வேலியாக நட்டது ஏன்? ஆடு அதனைக் கடிக்காது என்பதால் அன்றோ! ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை எனச் செடிகளுக்குப் பெயரிட்டவர்களும் அவர்களே. ஆடு விலக்கியதை அரைத்துப் பிழிந்து அதன்முன் மீண்டும் வைக்குமுன் நாம் சிந்தித்தல் வேண்டும்.

இரண்டாம் வகை நம்பிக்கை தருவது. மக்காச்சோளத்தின் பெரும்பகுதி மாவுச்சத்து. நொதித்தலில் அது எத்தனாலாகப் பிரிந்துவிட, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலர்சக்கையாக எஞ்சுகிறது. எனவே தானியத்தில் 9 விழுக்காடாக இருந்த புரதம் சக்கையில் 27 முதல் 30 விழுக்காடு வரை செறிகிறது. அரிசிச் சக்கையில் அது இன்னும் மிகுதி.

2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளியிலிருந்தும் எத்தனால் வடிக்க இடமளித்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பியை நாம் நன்கறிவோம். அதனைப் புரதத் தீவனமெனக் கொள்ளலாகாது. கிழங்கிலேயே புரதம் சொற்பம். மூலத்தில் இல்லாதது எச்சத்தில் பிறப்பதில்லை.

தானியச் சக்கையையும் அளவறிந்தே இடவேண்டும். கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்கி, இருவாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுதல் நன்று. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃபிளாடாக்சின் நஞ்சு தோன்றும். மலையின் மழைக்காலத்தில் இவ்வச்சம் மிகுதி. தழையும் தூயநீரும் என்றும் வேண்டும். புதிய தீவனம் எதுவாயினும் கால்நடை மருத்துவரைக் கேட்டபின் இடுக.

எச்சம் அனைத்தும் உணவாகா. அனைத்தும் குப்பையும் ஆகா. பகுத்தறிந்து கொள்வதே அறிவியல். ஒற்றை ஆட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு அவ்வறிவைக் கொண்டு சேர்ப்பது கற்ற நம் கடன்.